நோட்டுப் பச்சை

கணினியில் படம் வரைவோரும் துணிக்கு வடிவமைப்புச் செய்வோரும் பயன்படுத்தும் வண்ணப் பட்டியல்களில் ‘டாலர் பில்’ என்றொரு பச்சை இருக்கிறது. சிவப்பு 133, பச்சை 187, நீலம் 101 என்னும் அளவுகளில் ஒளியைக் கலந்தால் அந்நிறம் திரையில் தோன்றும். சற்றே வெளிறிய, உள்ளே மஞ்சள் ஓடுகிற பச்சை. நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கரிசல் காட்டு வரப்பில் நின்று பார்த்தால் கண்ணெட்டும் தூரம்வரை ஏறத்தாழ இந்த நிறம்தான். ஆயினும் இதற்குப் பெயர் வைத்தவருக்குப் பயிர் நினைவுக்கு வரவில்லை. பணம் நினைவுக்கு வந்திருக்கிறது.

நிறங்களுக்குப் பொருள்களின் பெயரை இடுவது மொழிகளுக்குப் பொதுவான வழக்கம். ஆரஞ்சு, ரோஸ், சாக்லேட், காப்பிப்பொடி என்று நாமும் புதிய பெயர்களைக் கூசாமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பணத்தாளின் பெயரை ஒரு நிறத்துக்கு இடும்போது ஏதோ ஒன்று இடறுகிறது. அது என்ன என்று யோசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டாலர் மீதான வெறுப்பு அதற்குக் காரணமன்று. சங்கரன்கோவிலில் டாலர் என்றால் முதலில் சங்கிலியில் தொங்கும் பதக்கம்தான். கோமதியம்மன் உருவம் பொறித்த டாலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்குச் சென்றவர்கள் நாங்கள். அமெரிக்கப் பணத்துக்கும் அதுவே பெயர் என்பது பின்னாளில் பாடப்புத்தகத்தில் அறிந்த செய்தி.

*

அமெரிக்கத் தாளுக்குப் பச்சை வந்தது அழகுணர்ச்சியால் அன்று. கள்ள நோட்டுப் பயத்தால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒளிப்படக்கலை பரவியபோது வங்கித் தாள்களைப் படமெடுத்துப் போலி செய்வது எளிதாயிற்று. அன்றைய ஒளிப்படம் கறுப்பு வெள்ளை. ஆகவே தாளில் ஒரு வண்ண மையைச் சேர்த்தால் போலி செய்பவர் திணறுவார் என்று கருதினர். ஆனால் சாதாரண வண்ண மையைக் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சிய கறுப்பைப் படமெடுத்துக்கொள்ள வழியிருந்தது. எதிலும் கரையாத மை ஒன்று வேண்டியிருந்தது. குரோமியம் ஆக்சைடைக் கொண்டு அத்தகைய பச்சை மையை உருவாக்கியவராக வேதியியலாளர் தாமஸ் ஸ்டெரி ஹண்ட் அறியப்படுகிறார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு, செலவுக்குப் பணமின்றி அமெரிக்க அரசு வெளியிட்ட தாள்களின் பின்புறம் பச்சையில் அச்சாயிற்று. மக்கள் அவற்றைக் ‘கிரீன்பேக்’, அதாவது பச்சை முதுகு என்று அழைத்தனர். 1929இல் தாளின் அளவைச் சுருக்கிப் புதிதாக அச்சிட்டபோதும் பச்சையே நீடித்தது. அந்நிறமி வேண்டிய அளவு கிடைத்தது, எளிதில் மாறாதது, அரசின் நம்பகத்தோடு மக்கள் மனத்தில் ஒன்றிவிட்டது.

அந்தப் போர் எங்கள் மண்ணையும் தொட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போவது தடைப்பட்டது. லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. 1865இல் போர் முடிந்ததும் ஏறிய விலை சரிந்தது. பச்சை முதுகுத் தாளைப் பெற்றெடுத்த அதே போர்தான் கரிசல் விவசாயியின் மடியிலும் சில ஆண்டுகள் காசு புரளச் செய்து, பிறகு கையை உதறிவிட்டுப் போயிற்று. பணம் தொலைதூரத்திலிருந்து வருவதும் தொலைதூரக் காரணங்களால் நின்றுபோவதும் இவ்வூர்களுக்குப் புதிய அனுபவம் அன்று.

அதே 1861ஆம் ஆண்டில்தான் இந்தியாவிலும் காகிதப் பணச் சட்டம் வந்து, நோட்டு வெளியிடும் உரிமை அரசின் கைக்குப் போயிற்று. விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த முதல் நோட்டுகளைப் போலி செய்பவர்கள் பெருகியதால், 1867 முதல் அடிநிறம் பூசிய புதிய வரிசை அச்சிடப்பட்டது. அதன் அடிநிறம் முதலில் பச்சை. அந்நோட்டுகளில் நான்கு மொழிகளில் தொகை எழுதப்பட்டிருந்தது. பின்னர் வந்த சிவப்பு வரிசையில் மொழிகள் எட்டாயின. இங்கும் பச்சை காவல்காரனாகவே தாளுக்குள் நுழைந்திருக்கிறது.

நம் தலைமுறைக்குப் பச்சை நோட்டு என்றால் ஐந்து ரூபாய்தான். பின்புறத்தில் ஓர் உழவர் டிராக்டரில் உழுதுகொண்டிருப்பார். ‘டிராக்டர் நோட்டு’ என்றே சிறுவர்கள் சொல்வோம். ஆடித்தபசுக்கு வீட்டுக்கு வரும் உறவினர் யாராவது ஒரு டிராக்டர் நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனால், தேரடிக் கடைகளில் அன்று நாங்கள் பெருந்தனக்காரர்கள். நோட்டை நிறத்தால் அறிவது எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் எழுத்தறிவு. எங்கள் பாட்டிக்கு எண்கள் தெரியாது. ஆனால் ஒருநாளும் அவரை யாரும் ஏமாற்றியதில்லை.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவுக்குப் பிறகு அந்த எழுத்தறிவை நாடு முழுவதும் மறுபடி கற்க நேர்ந்தது. புதிய வரிசை நோட்டுகளின் நிறங்களை ரிசர்வ் வங்கி தன் அறிவிப்புகளில் முறையாகப் பெயரிட்டுச் சொன்னது. 2000 ரூபாய்க்கு மெஜந்தா, 500க்குக் கல் சாம்பல். 2017இல் 200க்குப் பளிச்சிடும் மஞ்சள், 50க்கு ஒளிரும் நீலம். 2018இல் 10க்குச் சாக்லேட் பழுப்பு, 100க்கு லாவண்டர். 2019இல் 20க்குப் பச்சை கலந்த மஞ்சள். இவற்றுள் மெஜந்தா 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கவனித்தால் ஒன்று புலப்படும். கல், சாக்லேட், லாவண்டர் என்று இங்கே பொருள்களின் பெயர்கள் பணத்துக்கு வந்திருக்கின்றன. ‘டாலர் பில்’லில் பணத்தின் பெயர் நிறத்துக்குப் போயிருக்கிறது. பெயர் பயணம் செய்யும் திசை வேறு. நம்மை இடறியது இந்தத் திசைதான் என்று தோன்றுகிறது.

*

தமிழில் ‘பச்சை’ என்னும் சொல் நிறத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நண்பர்கள் அறிவர். வேகாதது பச்சை; காயாததும் பச்சை. காய்ச்சாத பால் பச்சைப்பால். பிறந்த சில நாள் ஆன சிசு பச்சைக் குழந்தை. பெற்றவள் பச்சை உடம்புக்காரி. கலப்பில்லாத பொய்கூடப் பச்சைப்பொய். உயிரின் ஈரம் இன்னும் வற்றாத நிலைக்கு அது பெயர். எங்கள் ஊர்க் கோயிலில் சங்கரனும் நாராயணனும் ஒரே மேனியில் பாதிப் பாதியாக நிற்கிறார்கள். சிவப்பு சிவனுக்கும் பச்சை திருமாலுக்கும் உரியன என்பது தென்பாண்டி மக்களின் கண்ணறிந்த இலக்கணம். திருச்செந்தூர்த் திருவிழாவில் சண்முகர் சிவப்பு சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி என்று மூன்று கோலங்களில் எழுந்தருளும்போது, பச்சை சாத்தியைத் திருமால் கோலம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பச்சையைத் தமிழ் செல்வத்தோடும் சேர்த்திருக்கிறது. ஆனால் சேர்த்த விதம் வேறு. மாசற்ற பொன்னைப் ‘பசும்பொன்’ என்றார்கள். ‘பைம்பொன்’ என்றும் சொன்னார்கள். பொன்னைக் கண்டு இலைக்குப் பெயரிடவில்லை. இலையின் புதுமையைப் பொன்னுக்கு ஏற்றினார்கள். பொன் உயர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் அது தளிரைப் போலப் புதியது என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே அளவுகோல் இலை. ‘டாலர் பில்’ என்னும் பெயரில் அளவுகோல் தாள்.

நெசவுத் தெருக்களில் நாம் கேட்டு வளர்ந்த பச்சைகளும் இலையை அளவுகோலாகக் கொண்டவையே. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர்பச்சை, மயில்கழுத்து. இவற்றுள் மயில்கழுத்து தனித்துச் சொல்லத் தக்கது. அது எந்த நூலிலும் இல்லாத நிறம். பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் குறுக்கே பாயும்போது, இரண்டுக்கும் நடுவில், துணி அசையும் கோணத்துக்கேற்பப் பிறப்பது. நூலைப் பிரித்தால் நிறம் மறைந்துவிடும்.

மனிதரின் பெயரையும் நெசவாளர் நிறத்துக்கு இட்டதுண்டு. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்று பட்டுலகில் நிலைத்துவிட்டது. அந்த நீலச் சேலையைக் கேட்டு வாங்கும் பெண் ஒரு குரலையும் சேர்த்தே உடுத்துகிறாள். பெயர் என்பது நிறத்தோடு வரும் நினைவு. நினைவு இல்லாத பெயர் வெறும் எண்தான்.

எம் தந்தையார் கைத்தறி நெசவாளர். வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. சாயப்பட்டறைக்கு நூல் கொடுக்கும்போது அவர் நிறத்தைச் சொல்லும் விதமே தனி. “வேப்பங்கொழுந்து வேணாம், கொழுந்து முத்தி, இலை ஆகாம நிக்கும்லா, அது” என்பார். பட்டறைக்காரரும் தலையை ஆட்டிக்கொள்வார். அந்த ஒருநாள் வயதுப் பச்சைக்கு இருவருக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடு இருந்தது. அகராதியில் அதற்குச் சொல் கிடையாது. நிறத்துக்குப் பெயர் இல்லாதபோதும் அவர்களுக்கு மரம் இருந்தது.

*

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு முறை பணத்தாளைப் பார்த்துப் பச்சை சாயமேற்றியது உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது.

எண்பதுகளின் இறுதியிலேயே எங்கள் தெருவில் கைத்தறியின் ஓசை குறைந்து விசைத்தறியின் ஓசை கூடத் தொடங்கியிருந்தது. இரண்டு தறிகளை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது என்ற நிலையில், 1992இல் மூத்த அண்ணன் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனார். அவருக்குத் திருமணமாகி அப்போது இரண்டாண்டுகூட நிறையவில்லை. மதினி எங்களோடுதான் இருந்தார். நூல் சுற்றுவார், சமைப்பார், மாதத்துக்கு இருமுறை வரும் கடிதத்தைத் தம் அறைக்குக் கொண்டுபோய்ப் படிப்பார். சில சமயம் கடிதத்துக்குப் பதில் கேசட் வரும். அதை டேப் ரெக்கார்டரில் போட்டால் அண்ணன் எல்லோரையும் வரிசையாக விசாரிப்பார். மதினியை விசாரிக்கும் இடம் வரும்போது அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அப்பாவும் நாடாவைப் பழுது பார்க்கத் தறிக்குழியில் இறங்கிவிடுவார்.

1994இல் அண்ணன் முதல் விடுப்பில் வந்தார். நாம் அப்போது ஒன்பதாம் வகுப்பு. திரும்பிப் போகும்போது வீட்டுச் சிறுவர்களுக்கு ஆளுக்கொரு பத்துத் திர்ஹாம் நோட்டைக் கொடுத்தார். பச்சை நோட்டு. ஒரு பக்கத்தில் வளைந்த உடைவாள், மறுபக்கத்தில் பேரீச்ச மரங்கள். மதினிக்கும் ஒன்று. எங்களுடையவை சில வாரங்களில் எங்கெங்கோ போயின. மதினி தம்முடையதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு முன் ஒருநாள் மதினி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார். “மாமா, இந்தக் கலர்ல ஒரு சேல நெய்ய முடியுமா?” என்று கேட்டார். அந்த வீட்டுக்கு வந்த நான்கு ஆண்டுகளில் மதினி தமக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா நோட்டை வாங்கி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். பாவில் அறுந்த இழையைத் தேடப் பயன்படுத்தும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு, “இது ஒரு பச்சை இல்ல தாயி. நாலு பச்சை கோடுகோடா ஓடுது. நடுவுல வெள்ளை நிக்குது. தூர நின்னு பாக்கதுக்கு ஒன்னாத் தெரியுது” என்றார். பணத்தாளில் நிறம் பூசப்படுவதில்லை. மயிரிழைக் கோடுகளாக வரையப்படுகிறது. நெசவாளர் கண்ணுக்கு அது அச்சாகத் தெரியவில்லை, நெசவாகவே தெரிந்தது.

சாயப்பட்டறையில் முதல் இரண்டு முறை சரிவரவில்லை. ஈர நூலில் நிறம் ஆழமாகத் தெரியும். நிழலில் உலர்ந்த பிறகே உண்மை நிறம் காட்டும். உலர்ந்தபோது ஒருமுறை வெளிறிப் போயிற்று. மறுமுறை கறுத்துப் போயிற்று. மூன்றாம் முறை அப்பா வழியை மாற்றினார். ஒரே நூலில் அந்த நிறத்தைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாவுக்கு இலைப்பச்சையும் ஊடைக்கு இளமஞ்சளும் கொடுத்தார். தறியில் ஏறிய பிறகு நோட்டின் பச்சை தானாக வந்தது. ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை தூக்கலாக இருக்கும். மறுபக்கம் சாய்த்தால் மஞ்சள் மேலே வரும். நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து மதினியின் கையில் கொடுக்கும்போது அப்பா, “பாசிக் கலர் நல்லா வந்திருக்கு” என்றார். நோட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அன்று அதை நாம் கவனித்தோமே தவிர, அதில் பொருள் எதுவும் தேடவில்லை.

*

பொருள் கிடைத்தது பின்னாளில், முதுகலை வகுப்பில், குறுந்தொகை படித்தபோது.

சங்க இலக்கியத்தில் ஆண் வீட்டை விட்டுப் பிரிவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் பொருள் தேடல் முதன்மையானது. பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் அதற்குப் பெயர் தந்திருக்கிறது. அவன் பாலைவழியில் போகிறான். வீட்டில் இருப்பவளின் மேனியில் ஒரு நிறம் படர்கிறது. அதற்குப் பசலை என்று பெயர். பசப்பு என்றும் பயலை என்றும் சொல்வார்கள். பசுமை, பச்சை, பாசி ஆகியவற்றின் உறவுச்சொல் அது. திருக்குறள் அதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று 119ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. விளக்கு அணையக் காத்திருக்கும் இருளைப் போல, அணைப்புத் தளரக் காத்திருக்கும் நிறம் அது என்று ஒரு குறளில் அவள் சொல்கிறாள்.

பசலை என்ன நிறம் என்பதில் மாணவர்களுக்கு எப்போதும் குழப்பம் வரும். பீர்க்கம்பூவைப் போன்றது என்பார்கள் சில புலவர்கள், அப்படியானால் மஞ்சள். குறுந்தொகை 399ஆம் பாட்டில் பரணர் அதை ஊர் உண்ணும் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார். கை பட்டால் பாசி விலகும். கையை எடுத்தால் வந்து மூடிக்கொள்ளும். அதுபோல அவன் தொடும்போதெல்லாம் நீங்கி, விடும்போதெல்லாம் பரவுகிறது பசலை. அப்படியானால் பச்சை. பீர்க்கம்பூவா பாசியா என்று வகுப்பில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, நமக்கு மதினியின் சேலை நினைவுக்கு வந்தது. இலைப்பச்சைப் பாவும் இளமஞ்சள் ஊடையும். ஒருபுறம் சாய்த்தால் பாசி, மறுபுறம் சாய்த்தால் பீர்க்கம்பூ.

அந்த ஆண்டுகளில் மதினியின் முகம் எப்படி இருந்தது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா அவரை இரண்டு முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தச்சோகை என்று மாத்திரை தந்தார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அண்ணன் விடுப்பில் வந்து நின்ற மூன்றாம் நாள் மதினியின் முகம் மாறிப்போகும். அவர் பம்பாய்க்கு ரயிலேறிய மறுவாரம் பழையபடி ஆகும். பரணர் கேணியில் கண்டதை நாங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை எங்கள் வீட்டு நடையிலேயே கண்டோம்.

ஆக, தமிழிலும் பணத்தின் பச்சை ஒன்று உண்டு. அது பணத்தாளில் இல்லை. பணம் தேடிப் போனவனுக்காகக் காத்திருப்பவளின் மேனியில் இருக்கிறது. ‘டாலர் பில்’ என்னும் பெயர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கண்ட நிறத்துக்கு உரியது. பசலை என்னும் பெயர் பணம் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் நிறத்துக்கு உரியது. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிற்கும் இடம் வேறு.

பழந்தமிழ்ப் புலவர்கள் செல்வத்தைப் பழித்தவர்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பொருளில்லாமல் விருந்து புறந்தருதல் இல்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். பட்டினப்பாலையைப் பாருங்கள். 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பைச் சொல்வது. அவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்கிறான் தலைவன். அந்தப் பாட்டுக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் பரிசளித்தான் என்பது மரபு. பிரிய மறுத்த பாட்டுக்குப் பொன் வந்தது. பிரிந்து போனவர்களுக்குத்தான் கணக்குச் சரியாக வரவில்லை.

*

இன்று நாம் பாடம் நடத்தும் வகுப்பில் பாதிக்கு மேல் மாணவியர். விசைத்தறித் தொழிலாளர், பூக்கட்டுவோர், சிறு விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள். பலருக்கும் வீட்டில் யாரேனும் ஒருவர் வளைகுடாவிலோ கேரளத்திலோ திருப்பூரிலோ இருக்கிறார். பொருள்வயிற் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இதுக்கு வெளியூரு வேலைன்னு சொன்னா போதும்லா?” என்றார். வகுப்பு சிரித்தது. அதைவிடச் சிறந்த உரையை எந்த உரையாசிரியரும் எழுதியிருக்க முடியாது.

பசலையைப் பற்றிய பாடத்தின்போது சிரிப்பு இல்லை. இக்காலத்தில்தான் தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்களே, இனிப் பசலை ஏது என்று நாம் கேட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார்: “அப்பா வீடியோ கால்ல வாரதுக்கு முன்னால எங்கம்மா முகங்கழுவிப் பவுடர் போட்டுக்கிடுவாங்க ஐயா. மெலிஞ்சிட்டேன்னு அப்பா சொல்லக் கூடாதாம்.”

சங்கப் பாடல்களின் தலைவி பசலையைத் தோழியிடம் சொல்லி அழ முடிந்தது. ஊரார் அலர் தூற்றும் அளவுக்கு அது வெளிப்படையாக இருந்தது. இன்றைய தலைவி அதைப் பவுடரால் மூடிக்கொண்டு திரைக்கு முன் சிரிக்க வேண்டியிருக்கிறது. முன்பு அவன் இல்லாதபோது வந்து மூடிய பாசியை, இப்போது அவன் திரையில் தோன்றும் பத்து நிமிடத்துக்கு அவளே ஒதுக்கி வைக்கிறாள். பரணரின் கேணி வற்றவில்லை. அதன் மேல் கண்ணாடி மூடி ஒன்று வந்திருக்கிறது.

தறித் தெருவிலும் நிறத்தின் மொழி மாறிவிட்டது. வேப்பங்கொழுந்துக்கும் இலைக்கும் நடுவே நின்ற அந்தப் பச்சையைச் சொல்லி இப்போது நூல் வாங்க முடியாது. நிற அட்டையில் எண்ணைக் காட்ட வேண்டும். அல்லது கைப்பேசியில் படத்தைக் காட்ட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே நிறத்தை ஆயிரம் சேலைகளில் பிசகாமல் கொண்டுவர எண் உதவும். தொலைவில் இருக்கும் வியாபாரிக்கும் நம் வேம்பின் வயது தெரியாது. ஆனால் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயர் வேண்டும் என்று வரும்போது, அப்பெயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது சின்ன விஷயமன்று. எதைப் பார்த்துப் பெயரிடுகிறோமோ அதையே நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள். பயிரைக் கண்டதும் பணத்தாள் நினைவுக்கு வரும் நாள் வந்தால், அன்று பச்சை என்னும் சொல்லிலிருந்து ஈரம் வற்றியிருக்கும்.

அண்ணன் பதினேழு ஆண்டுகள் அங்கே உழைத்துவிட்டு, துபாயில் கட்டட வேலைகள் நின்றுபோன 2009இல் ஊர் திரும்பினார். எங்கள் படிப்பும் இரண்டு தங்கைகளின் திருமணமும் அவர் அனுப்பிய பணத்தில் நடந்தவை. இந்தக் கட்டுரையை எழுதும் தமிழும் அந்தப் பணத்தில் கற்றதே. ஆகையால் பணத்தை இகழ நமக்கு உரிமை இல்லை. அதன் விலையைச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. இப்போது அண்ணன் கோயில் பக்கத்தில் சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இருபது ரூபாய் நோட்டுகள் நிறையப் புழங்கும் கடை. அப்பா இல்லை. குழித்தறிகள் இருந்த இடத்தைச் சமன்படுத்தித் தரை போட்டாயிற்று.

அந்தச் சேலை இன்னும் மதினியின் பெட்டியில் இருக்கிறது. முந்தியில் இரண்டிடத்தில் இழை விட்டிருந்தாலும் நிறம் போகவில்லை. சென்ற பொங்கலுக்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அது வெளியே வந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “அந்தத் திராம் சேலையா, இன்னும் வச்சிருக்கியா?” என்று கேட்டார்.

மதினி அதை மடித்துக்கொண்டே, “திராம் சேல இல்ல, பாசிக் கலர் சேல. மாமா நெஞ்சது” என்றார்.